ஒன்றுவிட்டு ஒன்று

கல்லூரிக்கு நாங்கள் நால்வர் ஒரே காரில் செல்பவர்கள். சென்ற மாதம் நெடுஞ்சாலையில் மேம்பாலப் பணிக்காக இடப்புறத் தடத்தை அடைத்திருந்தனர். அறிவிப்புப் பலகையைக் கண்டதுமே வலப்புறம் மாறி, நீண்ட வரிசையில் காத்திருந்தோம். காலியாகக் கிடந்த தடத்தில் விரைந்து வந்த வேன் ஒன்று தடுப்பருகே எங்கள் முன் நுழைய முயன்றது. 'என்ன அநியாயம்!' என்று கொதித்து, முன்வண்டியை ஒட்டி நகர்ந்து வழிமறித்தோம். வேனும் விடவில்லை. சிவப்புக் கொடியுடன் நின்ற தொழிலாளி தடுப்புக்கு அப்பால் தாவித் தப்பினார்.

ஜெர்மனியின் சாலை விதி இதற்கு வேறு நியாயம் சொல்கிறது. தடம் முடியுமிடம்வரை இரண்டிலும் வரலாம். குறுகலுக்குச் சற்று முன்னர், ஜிப்பின் பற்களைப் போல ஒன்றுவிட்டு ஒன்றாக இணைய வேண்டும். இடம் தருவது சலுகையன்று, கடமை. நெரிசலில் இம்முறையால் வரிசையின் நீளம் குறைகிறது. இரு தடங்களின் வேக வேறுபாடும் தணிகிறது. சாலை தடையின்றி ஓடும்போது முன்கூட்டியே மாறுவதில் தவறில்லை.

அன்று நாங்கள் அறமென்று காத்தது ஒரு கார் நீளத்தை. மறுநாள் அதே இடத்தில் ஒரு லாரிக்கு வழிவிட்டோம். கொடி பிடித்தவர் எங்களை அடையாளம் கண்டாரா, தெரியவில்லை.