ஒன்றில் அடிக்காத தாளம்

2017 ஜூலையில் தென் லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே ப்ராக்வெல் பூங்காவில் ஆண்டுதோறும் கோடையில் இரண்டு நாள் 'லாம்பெத் கன்ட்ரி ஷோ' நடக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. நம் ஊர்ப் பொருட்காட்சியையும் கோயில் திருவிழாவையும் சேர்த்துக் கலந்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் செம்மறி ஆட்டுக்கு மயிர் கத்தரித்துக் காட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் காய்கறிகளைச் செதுக்கி உருவம் செய்யும் போட்டி. இவற்றைத் தாண்டிப் போனால் பெரிய இசைமேடை.

பிற்பகலில் ஒரு ரெகே குழு மேடையேறியது. அதுவரை நான் கேள்விப்படாத பெயர். ரெகே என்றால் எனக்குத் தெரிந்தவர், நம் பையன்களின் டி-ஷர்ட்டில் சடைமுடியோடு சிரிக்கும் பாப் மார்லி ஒருவர்தான்.

முதலில் வந்தது பேஸ் கிதார். காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் இறங்கியது. தவிலுக்குப் பக்கத்தில் நின்று சுவாமி புறப்பாடு பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நாற்பது வருடம் கச்சேரி கேட்ட பழக்கம், கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்றில் டிரம் வாயே திறக்கவில்லை. மூன்றில் 'தொம்' என்று விழுகிறது. இரண்டிலும் நான்கிலும் கிதார் 'சக்' என்று வெட்டி நிறுத்துகிறது. நம் கீர்த்தனைகளிலும் சமத்தில் எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுப்பது உண்டு. ஆனால் நம் கை அந்தச் சமத்தைத் தட்டிக் காட்டிவிடும். இங்கே அது காலியாகவே கிடக்கிறது. ஆனாலும் ஆடுகிற ஒருவருக்கும் கால் தப்பவில்லை.

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த ஜமைக்காக்காரப் பெரியவர் என் கையைப் பார்த்துச் சிரித்தார். "ஒன்றைத் தேடுகிறீர்களா? அதை விட்டுவிடுவதுதான் சங்கதியே. இதற்கு 'ஒன் ட்ராப்' என்று பெயர்" என்றார்.

பேச்சு வளர்ந்தது. அவருடைய அப்பா ஐம்பதுகளில் கப்பலேறி வந்தவராம். அந்த வரலாறு 1948 ஜூனில் டில்பரி துறைமுகத்துக்கு வந்த 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலோடு தொடங்குகிறது. தங்க இடமில்லாத இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கிளாப்பம் சவுத்தில், போர்க்காலத்தில் தோண்டிய பதுங்கு சுரங்கத்தில் படுக்க வைத்தார்கள். அருகில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில். வேலை தேடிப் போனவர்கள் அங்கேயே வீடு பிடித்தார்கள். பூங்காவிலிருந்து பிரிக்ஸ்டன் நடக்கிற தூரம்தான். அறுபதுகளின் கடைசியில் கிங்ஸ்டனில் ரெகே பிறந்தபோது, அதைக் கேட்க இங்கே வீடுகள் தயாராக இருந்தன.

"என் பாட்டி பேசிய மாதிரி என் பேரன்களுக்குப் பேச வராது. இது மட்டும் வரும்" என்று புல்வெளியைக் காட்டினார். இரண்டு பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. என் பேத்திக்கு எட்டு வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். பாட்டி சொல்லிக்கொடுத்த தேவாரம் இரண்டு வரியோடு நிற்கிறது. அவளை மடியில் உட்காரவைத்து, விரல் மடக்கி ஆதி தாளம் எண்ணக் காட்டினேன். இரண்டு பாட்டு முடிவதற்குள் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளே அந்தப் பையன்களோடு போய் ஆடினாள், ஒரு கையில் விரல் எண்ணியபடி.

2018 நவம்பரில் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகேயை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. செய்தியைப் படித்ததும் அந்தப் பெரியவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை. பேரன்களைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் உள்ள நண்பர்களே, அடுத்த முறை போகும்போது முறுக்கு டப்பாவோடு ஒரு தாளத்தையும் எடுத்துப் போங்கள். அதற்கு எடை கிடையாது.