சிங்கங்கள் போன பிறகு

1998 அக்டோபரில் மத்திய அரசின் அறிவிக்கை வந்தபோது எங்கள் சர்க்கஸ் கூடாரத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் எதையும் வைத்து வித்தை காட்டக் கூடாதாம். "ஸ்டே வாங்கிடுவாங்கப்பா, நீங்க வேலையப் பாருங்க" என்றார் மேனேஜர். சர்க்கஸ் முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2000 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. 2001 மே 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. உழைப்பாளர் தினத்திலா நம் பிழைப்பில் மண் விழ வேண்டும் என்று புலம்பினோம்.

நான் அப்போது கூண்டு வேலைக்காரன். வித்தை காட்டும் மாஸ்டருக்கு ஜிகினா சட்டையும் சவுக்கும். எனக்கு இரும்புக் கொக்கியும் பினாயில் வாளியும். கம்பிப் பாதை வழியாகத்தான் சிங்கம் ரிங்குக்கு வரும். அதன் இழுகதவுகளை ஏற்றி இறக்குவது என் பொறுப்பு. ஆபத்தெல்லாம் மாஸ்டருக்குத்தான் என்று கேலரியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் கூடாரத்தில் அதிகம் அடிபட்டது கூண்டுக்காரர்கள்தான். ஒரு மாலைக் காட்சியில், கதவு முழுசாக இறங்குவதற்குள் கிழட்டுப் பெண் சிங்கமொன்று கம்பிக்கு வெளியே காலை நீட்டி, என்னோடு நின்ற பையனின் முன்கையைக் கிழித்துவிட்டது. மேனேஜர் முதலில் செய்தது, பேண்டைச் சத்தமாக வாசிக்கச் சொன்னதுதான். ஆஸ்பத்திரியில் 'தகரம் வெட்டியது' என்று எழுத வைத்தார்கள்.

அந்தச் சிங்கத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உடம்பைத் திருப்பினால் வால் கம்பியில் இடிக்கும் கூண்டு அது. காட்சி நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதற்குள்தான் கிடக்கும். நெருப்பு வளையத்தைக் கொளுத்தியதுமே காதுகளைப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். கேலரி சிரிக்கும். 'பாசத்தால் பழகிய வனராஜா' என்று மைக்கில் முழங்குவார்கள். பாசமாவது! பழக்கியது பட்டினியும் கம்பும்.

கடைசியில் எங்கள் சிங்கங்களை லாரியில் ஏற்றி வண்டலூர் பூங்காவின் மீட்பு மையத்துக்கு அனுப்பினார்கள். பிறகொரு முறை போய்ப் பார்த்தேன். மரமும் மண்ணுமாக விசாலமான இடம். அங்கேயும் ஒரு ஆண் சிங்கம் பழைய கூண்டின் நீளத்துக்கு நடந்து, டக்கென்று திரும்பி, மறுபடி நடந்துகொண்டிருந்தது. கூண்டிலேயே பிறந்த உயிர், ஆசிய ஆப்பிரிக்கக் கலப்பு வேறு; கிர் காட்டில் கொண்டுபோய் விடவும் வழியில்லை, குட்டி போடவும் விடமாட்டார்கள்.

யானை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எங்கள் கூடாரத்து யானை அதற்குப் பிறகும் ஸ்டூலில் ஏறி நின்றது. முக்காலியில் நிற்கும் யானைக்கு மட்டும் வலிக்காதா?

சிங்கத்துக்கு மீட்பு மையம் கட்டினார்கள். என்னைப் போன்ற கூண்டுக்காரர்களிடம் இனி என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் லாரி ஷெட்டில் எடுபிடியானேன். அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு. ஆனால் அதற்கு அரசிடம்தான் வழக்காட வேண்டும். என் சோற்றுக்காகச் சிங்கத்தை மறுபடி கூண்டில் அடைக்கச் சொல்வது அயோக்கியத்தனம்.