சிவப்பு மை படாத பக்கங்கள்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, மைக்கூட்டைத் திறந்து பேனாவில் சிவப்பு மையை நிரப்பும்போது மருந்து நெடி கலந்த ஒரு வாசனை எழும்பும், ஆசிரியர் அறையில் மற்றவர்களெல்லாம் ஜெல் பேனாவுக்கு மாறிவிட்டார்கள், அதற்கு வாசனையும் இல்லை, விரலில் கறையும் இல்லை. தாள்களிலும் அப்படித்தான், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்புப் பிசகாமல் வெள்ளக் கட்டுரையில் வகுப்பு மொத்தமும் ஒரே வெள்ளத்தை எழுதியிருக்கிறது, போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பையன்கூடத் தன் வீட்டை எழுதவில்லை, உரைநூலில் வந்த வெள்ளத்தைத்தான் எழுதியிருக்கிறான், பிழை இல்லாததால் முழு மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது.

அந்த மை வாசனை வந்தால் எனக்கு எங்கள் தமிழையாவின் திண்ணைதான் கண்முன் வரும். கும்பகோணத்தில் காவிரிக்கு இறங்கும் சந்தொன்றில் ஓட்டு வீடு, சாயங்கால வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திண்ணைக்குத் திரும்பி வரும், மூக்குப்பொடியும் கோரைப்பாயும் வாசலில் தெளித்த தண்ணீரும் சேர்ந்து மணக்கும். ஐயா துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்தபடியே தாள் திருத்துவார், ஒற்று விட்டால் அரை மதிப்பெண் போச்சு, திருத்தி முடிந்ததும் எழுதாமல் மிஞ்சிய வெள்ளைத் தாள்களை உருவித் தனியே சேர்த்து, கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு நோட்டாகத் தைப்பார், விளக்கு வைத்த பிறகு சிவப்பு மையை மூடிவிட்டு நீல மையில் அதில் எழுத உட்காருவார். "அவரு எழுதுறப்ப பேச்சுக் குடுக்காதே தம்பி, காதுல ஏறாது" என்று அவர் மனைவி உள்ளேயிருந்தபடியே எங்களைத் திருப்பி அனுப்புவார்.

ஐயா காலமான பிறகு அந்த நோட்டுகளில் ஒன்றை அவர் மனைவிதான் எடுத்துக் கொடுத்தார். இலக்கண ஆராய்ச்சி ஏதாவது இருக்கும் என்று பிரித்தால், ஜூன் 12இல் மேட்டூர் திறந்தது, தண்ணீர் ஊருக்கு வந்து சேர்ந்த நாள், கத்தரிக்காய் விலை, நடவுக்குப் போனதால் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர்கள், ஒரு பையன் கேட்டு அவருக்கே விடை தெரியாமல் போன கேள்வி, எல்லாம் திண்ணையில் பேசுகிற தமிழிலேயே இருந்தன, ஒற்றுகூடப் பல இடத்தில் இல்லை.

பின்னாளில் புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டின் மீன் கவுச்சியும் மல்லிகையும் ஒரே காற்றில் வர, ரங்கப்பிள்ளை வீதியில் நடந்தபோது அந்த நோட்டு மறுபடி நினைவில் புரண்டது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736இல் தொடங்கி 1761இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார், கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் துரையின் கோபதாபம், சண்டை, கல்யாணம் என்று எதையும் விடாமல் பேச்சு வாக்கிலேயே எழுதினார், 1846இல் ஒரு பிரெஞ்சு அதிகாரி தேடி எடுக்கும்வரை வெளியுலகுக்கு அது தெரியவில்லை. என்னைப் போன்ற ஒருவன் சிவப்பு மையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வரிக்கு வரி சுழித்திருப்பான், அந்தக் காலத்துக் கடைத்தெருவின் பேச்சு அதோடு போயிருக்கும்.

கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே.சாமிநாதையரை ஏடு தேடியவர் என்றே நினைத்துக்கொள்கிறோம், ஆனால் 1876இல் மறைந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டுச் சொல்லச் சொல்ல மாணவர்கள் எப்படி ஏட்டில் எழுதினார்கள், பிள்ளையவர்கள் யாரிடம் எப்படிப் பேசினார் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அவரிடம் படித்த சாமிநாதையர் தானே வாத்தியாரான பிறகும் தன் வாத்தியாரை விடாமல் எழுதியதுதான் காரணம், எண்பதைத் தாண்டி 1940இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்கியபோதும் ஆசிரியரைப் பற்றிய பக்கங்களில் அவர் பேனா அவசரப்படவே இல்லை.

நானும் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், சணல் நூல் இல்லை, கடையில் வாங்கியது, வழவழவென்ற தாள், மை சரியாக ஊறுவதில்லை. வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் கைபேசியில் ஏற்றி முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நாள் முழுக்கப் பிறர் எழுதிய பாடத்தைச் சொல்லி, பிறர் எழுதிய விடையைத் திருத்திவிட்டு வீடு திரும்பும் தமிழ் வாத்தியாருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டிய தேவையே வருவதில்லை, கைக்கு அது மறந்தே போகிறது. எழுத உட்கார்ந்தால்தான் எது வர மறுக்கிறது, எங்கே கேட்ட வரியையே திருப்பிச் சொல்லித் தப்பிக்கத் தோன்றுகிறது என்று தெரிகிறது, தெரிந்த பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்குள்ள தண்ணி எதுவரைக்கும்டா வந்துச்சு, அதை எழுதிட்டு வா" என்று சொல்ல முடிகிறது.

மொழிப்பாடம் நடத்துகிறவர்கள் ராத்திரி அரைப்பக்கமாவது தங்களுக்காக எழுத வேண்டும், யாரும் மதிப்பெண் போடாத அரைப்பக்கம். தான் எழுதாத வாத்தியாருக்குப் பிறர் எழுத்தைத் திருத்தும் உரிமை பாதிதான்.