குலியாய்போலே: சமவெளியில் ஒரு கறுப்புக் கொடி

உக்ரைனின் தென்கிழக்கே, ஹைச்சூர் ஆற்றங்கரையில் இருக்கிறது குலியாய்போலே. சுற்றிலும் கரிசல் மண். கோதுமையும் சூரியகாந்தியும் விளையும் சமவெளி. கெரில்லாப் போருக்குக் காடும் மலையும் வேண்டும் என்பார்கள். இந்த ஊர் விவசாயிகளோ 1918 முதல் 1921 வரை பெரும்பாலும் வெட்டவெளியிலேயே போரிட்டார்கள். ஆஸ்திரிய-ஜெர்மன் படை, உக்ரைன் தேசியவாதிகள், ஜாரின் தளபதிகள் திரட்டிய வெள்ளைப் படை, கடைசியில் போல்ஷெவிக்குகளின் செம்படை என்று எதிரிகள் மாறிக்கொண்டே வந்தார்கள்.

அவர்களை வழிநடத்திய நெஸ்டர் மாக்னோ 1888இல் இதே ஊரில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். பண்ணைகளில் மேய்ச்சல் வேலை, பிறகு வார்ப்பாலைக் கூலி. கறுப்புக் கொடியைச் சின்னமாகக் கொண்ட, எந்த அரசும் வேண்டாம் என்ற அராஜகவாதத்தைப் பின்பற்றிய குழுவில் சேர்ந்ததற்காக 1910இல் மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, மாஸ்கோவின் பூதிர்கா சிறையில் அடைபட்டார். 1917 புரட்சி அவரை விடுவித்தது. ஊர் திரும்பிய சில மாதங்களில் விவசாயிகள் சங்கம் அமைந்தது. நிலவுடைமையாளர்களின் நிலம் பங்கிடப்பட்டது. கூலியாள் வைக்காமல் தானே உழச் சம்மதித்த பண்ணையாருக்கும் ஒரு பங்கு உண்டு.

1918இல் ஆஸ்திரிய-ஜெர்மன் படைகள் வந்தபோது பண்ணையார்கள் மீண்டும் தலையெடுத்தார்கள். மாக்னோவின் தாயார் குடியிருந்த வீடு கொளுத்தப்பட்டது. அந்த இலையுதிர் காலத்தில் திப்ரிவ்கா காட்டருகே தன் குழுவைவிடப் பெரிய படையை வென்ற மாக்னோவை மக்கள் 'பாத்கோ' என்று அழைத்தார்கள். அப்பா என்று பொருள். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட இல்லை.

மாக்னோ படையின் பலம் தச்சான்கா என்ற குதிரை வண்டி. வில்தகடு பொருத்திய இலகுவான வண்டி. பின்பக்கம் பார்த்தபடி ஒரு மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி. ஓட்டுபவர் குதிரைகளை முன்னே விரட்ட, துப்பாக்கி பின்னால் துரத்துபவர்களைச் சுடும். ஓடுவதே தாக்குவதாக ஆனது. களைத்த குதிரைகளை வழியிலுள்ள கிராமத்தில் விட்டுவிட்டு, புதியவற்றைப் பூட்டிக்கொண்டு ஒரே நாளில் 60, 70 கிலோமீட்டர் கடந்தார்கள். எதிரி நெருங்கினால் துப்பாக்கி மண்ணுக்குள் போகும். வீரர் மறுபடி உழவராவார். ஊர் முழுக்கத் துணை நின்றால் ஒழிய இது நடக்காது. மாக்னோவின் போர்த் திறமையைவிட இந்தக் கிராமங்களின் ஒத்துழைப்பே பெரிதாகப் பேசப்பட வேண்டியது.

பின்வாங்கிப் போயிருந்த மாக்னோ படையினர் 1919 செப்டம்பர் 26 அன்று பெரெகோனிவ்காவில் வெள்ளைப் படையின் முற்றுகையை உடைத்து, சில நாட்களிலேயே ஊர் திரும்பினார்கள். மாஸ்கோவை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்த வெள்ளைப் படைத் தளபதி டெனிகினின் பின்களம் இதனால் சீர்குலைந்தது.

அதே ஆண்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாக்னோ படையினர் மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவினரின் ஐகன்ஃபெல்ட் குடியேற்றத்தில் சுமார் 80 பேரைக் கொன்றார்கள். நிலப் பசியும் பழைய பகையும் அதற்குப் பின்னால் இருந்தன. எந்தக் காரணமும் அந்தக் கொலைகளை நியாயமாக்காது.

1920 நவம்பரில் செம்படையோடு சேர்ந்து கிரிமியாவில் தளபதி விராங்கெலின் வெள்ளைப் படையை முறியடித்தார்கள். அதே மாதம் 26ஆம் தேதி, அந்தக் கூட்டாளிகளே குலியாய்போலேயைச் சுற்றி வளைத்தார்கள். மாக்னோ தப்பினார். 1921 ஆகஸ்டில் எல்லை தாண்டி ருமேனியா போனார். 1934இல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

சோவியத் காலம் முழுக்க அவர் வெறும் கொள்ளைக்காரர் என்றே சொல்லப்பட்டார். 2009இல்தான் சொந்த ஊரில் அவருக்குச் சிலை எழுந்தது. ரஷ்யா தொடுத்த போரில், 2022 மார்ச்சில் போர்முனை குலியாய்போலேயின் வாசலுக்கே வந்தது. குண்டுவீச்சில் தெருத் தெருவாக வீடுகள் இடிந்தன. ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள்.