அப்பாவின் பிக்-அப்

தேக்காவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அப்பா, விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய்வர வாங்கிய டீசல் பிக்-அப் அது. நான்கு சக்கரமும் இழுக்கும். சேற்றுக்கும் மேட்டுக்கும் செய்த வண்டி, சிராங்கூன் சாலை நெரிசலில் ஊர்ந்தே புகைக்கரி அடைத்துக்கொண்டது. 10 வயது தாண்டிய சரக்கு வாகனத்துக்கு 6 மாதத்துக்கு ஒரு சோதனை. போன தடவை கரும்புகையில் தோற்றது. ஈஜிஆர் வால்வையும் இன்ஜெக்டரையும் சுத்தம் செய்த பட்டறைக்காரர், “இன்ஜின் இன்னும் பத்து வருசம் ஓடும்ணே” என்றார்.

ஓடும். சிஓஇ விடாதே! பத்தாம் ஆண்டு முடிவில், 3 மாத ஏலச் சராசரியைக் கட்டிப் புதுப்பித்தோம். 10 ஆண்டுக்கு எடுக்கச் சொன்னேன். 5 ஆண்டுக்கு என்றால் பாதிப் பணம்தான். ஆனால் மறுபடி நீட்டிக்க முடியாது. “எனக்கே 65 ஆகுதுடா, அஞ்சு போதும்” என்றார் அப்பா.

அடுத்த மாதம் கெடு முடிகிறது. நேற்றும் ஆயில் அளவு பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.