வில்லுக்கத்தி

எங்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு பை இருக்கிறது. கிங்ஸ்பரி றோட்டுக்குப் பின்புறமுள்ள இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. கடவுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்களின் பிரதிகள், ஒரு ரோச் லைற், பற்றரி, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பனடோல், ஒரு சாரம், ஒரு போர்வை. வருடத்துக்கு ஒரு தடவை, ஒக்ரோபர் கடைசியில், அதை வெளியே இழுத்துத் தூசி தட்டுவோம். பற்றரியை மாற்றுவோம். மறுபடி உள்ளே தள்ளிவிடுவோம். மகள் பார்த்துச் சிரிப்பாள்.

"லண்டனிலை இருந்து எங்கை ஓடப்போறியள்? வெம்பிளிக்கோ?"

எங்களிடம் அதற்கு மறுமொழி இல்லை. இதை வாசிக்கிற பலருடைய வீடுகளிலும் இப்படி ஒரு பை இருக்கும் என்றுதான் நினைக்கிறோம். பை இல்லாவிட்டால் அலுமாரியில் ஒரு தட்டாவது இருக்கும்.

2024 மே மாதத்தில் பிரித்தானிய அரசு, அவசர காலத்துக்கு வீட்டில் என்னென்ன வைத்திருக்கவேண்டும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. தண்ணீர், ரோச் லைற், பற்றரி, சமைக்காமல் சாப்பிடக்கூடிய ரின் சாப்பாடு, ரின் திறக்கிற சாமான். சுவீடனில் இருக்கிற எங்கள் சொந்தக்காரருக்கு 2018இலேயே இப்படி ஒரு சிறு புத்தகம் வீடு வீடாக வந்தது. அதை அவர்கள் ஒரு பகிடியாகத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். இப்போது எங்கள் அரசும் சொல்கிறது. அன்று இரவு மகள் சிரிக்கவில்லை. "அம்மா, உங்கடை பையிலை ரின் ஓப்பினர் இருக்கோ?" என்று கேட்டாள்.

இல்லை. ரின் ஓப்பினரும் இல்லை, கத்தியும் இல்லை. இத்தனை வருடமாக ஒழுங்காகக் கட்டி வைத்த பையில் வெட்டுகிற சாமான் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அது மறதி அல்ல என்பது பிறகு விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை, முகாம் அடிக்கிற சாமான்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனோம். பேரனும் வந்தான். அவனுக்கு 14 வயது. சாரணர் முகாமுக்குப் போகிறவன். கடையில் நின்ற இளைஞன் மிகவும் மரியாதையானவன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கறுப்புப் பிடி போட்ட பெரிய மடக்குக் கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். எல்லாம் 'உயிர்பிழைக்கும் கத்தி' என்று பெயர் போட்டவை. ஒன்றின் அலகில் பாதி வாள்போலப் பல்லு. இன்னொன்றின் பிடியில் நெருப்பு மூட்டுகிற குச்சி. விரித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பூட்டை அமத்தாமல் மடங்காது.

"எத்தனை நாளைக்குத் தேவைப்படும்?" என்று கேட்டான். "பெரும்பாலான ஆட்கள் மூன்று நாளுக்குத்தான் ஆயத்தப்படுத்துகிறார்கள்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்த கணக்கு வேறு.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு கொக்குவிலில் இருந்து வெளிக்கிட்டபோது, "இரண்டு மூன்று நாளிலை திரும்பியிடலாம்" என்றுதான் ஐயாவும் சொன்னார். ஐயா என்றால் எங்களில் ஒருவருக்குத் தகப்பன், மற்றவருக்கு மாமா. இருவரும் ஐயா என்றே கூப்பிட்டோம். மழை. செம்மணி வெளியில் சனம் நகர இடமில்லை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே விடிந்துவிட்டது. அந்த ஒரு இரவில் வலிகாமமே காலியானது. சைக்கிளில் ஒரு உரப்பை அரிசி, ஒரு பானை, கரியரில் கட்டின கொடுவாக்கத்தி, முன்னுக்கு ஏழு வயது மகள். ஐயாவின் மடியில் வெத்திலைப் பை. அந்தப் பைக்குள் வில்லுக்கத்தி.

எங்கள் ஊரில் மடக்குகிற கத்திக்கு வில்லுக்கத்தி என்றுதான் பெயர். 'வில்' என்றால் சுருளோ தகடோ, அமத்தினால் திமிறுகிற இரும்பு. பிடியின் முதுகில் இருக்கிற அந்தத் தகடு அலகைப் பிடித்துக்கொள்ளும், பூட்டாது. விரித்தாலும் மடக்கினாலும் கொஞ்சம் திமிறிவிட்டு அடங்கும். ஐயாவின் கத்தி அவருடைய தகப்பன் காலத்தது. அலகின் அடியில் 'ஷெபீல்ட், இங்கிலாந்து' என்று வெட்டியிருந்த எழுத்துப் பாதி தேய்ந்துவிட்டது. தீட்டித் தீட்டி அலகும் ஒடுங்கிப் போயிருந்தது. நாலு விரல் அகலம்கூட நீளம் இல்லை.

கொடிகாமத்துத் தென்னந்தோப்பில் தறப்பாள் கட்டியது அந்தக் கத்தியால். நைலோன் கயிறு அறுத்தது, சைக்கிள் ரியூபைக் கீலம் கீலமாக வெட்டிக் கம்புகளைப் பிணைத்தது, கிடுகு பின்ன ஓலை கிழித்தது, மரத்தடிப் பள்ளிக்கூடத்துக்குப் போன மகளுக்குப் பென்சில் சீவியது, ஐயாவுக்குப் பாக்கு வெட்டியது எல்லாம் அதுதான். தோப்பில் இருந்த மற்றக் குடும்பங்களும் வந்து இரவல் கேட்பார்கள். சில நாளில் வெங்காய மணத்தோடும் சில நாளில் மீன் மணத்தோடும் அது திரும்பி வரும். திரும்பி வராத நாள் இல்லை. அங்கே பற்றரி கிடையாது, சவர்க்காரம் அருமை, மண்ணெண்ணெயைத் துளித் துளியாகக் கணக்குப் பண்ணினோம். கத்திக்கு மட்டும் ஒன்றும் தேவைப்படவில்லை. கிணற்றுக்கட்டின் சீமெந்தில் தண்ணீர் விட்டு நாலு தரம் இழுத்தால் போதும்.

ஐயாவிடம் இரண்டு சட்டம் இருந்தது. ஒன்று, வில்லுக்கத்தியின் நுனியால் எதையும் குத்தக்கூடாது. குத்தினால் அது மடங்கி விரலில் விழும். அவருடைய வலது கைச் சுட்டுவிரலில் அதற்குச் சாட்சியாக ஒரு தழும்பு இருந்தது. இரண்டு, கத்தி செய்யாத வேலையைக் கத்தியிடம் கேட்கக்கூடாது. விறகென்றால் கொடுவாக்கத்தி. நிவாரணத்துக்கு மீன் ரின் கிடைத்தபோது பெடியள் கத்தியைக் கேட்டார்கள், ஐயா கொடுக்கவில்லை. ரின்னைக் கவிழ்த்து, அதன் விளிம்பைச் சீமெந்தில் வட்டமாக உரஞ்சச் சொன்னார். உரஞ்ச உரஞ்ச மடித்த விளிம்பு தேய்ந்து, பக்கத்தை அமத்தினவுடன் மூடி கழன்றது.

1996இல் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போனோம். கிளிநொச்சி, பிறகு அக்கராயன், பிறகு கந்தபுரம். மூன்று நாள் என்று வெளிக்கிட்ட பயணம் வருடத்தைத் தாண்டியது. கத்தியின் ஆணி தளர்ந்து அலகு ஆடத் தொடங்கியபோது, ஐயா அதைத் தண்டவாளத் துண்டு ஒன்றில் வைத்துச் சின்னக் கல்லால் தட்டி இறுக்கினார்.

அந்த மரியாதையான இளைஞனுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஆனால் அவன் வைத்த கத்திகளைப் பார்க்கிறபோது எங்களுக்குள் ஐயாவின் கண் வேலை செய்தது. பல்லு வைத்த அலகை வெறும் கல்லில் தீட்ட முடியாது. துரு ஏறாத உருக்கில் நல்லவை உண்டு. ஆனால் மிகக் கடினமாகச் செய்தவை மழுங்கினால் கிணற்றுக்கட்டு போதாது, அதற்கென்று தீட்டுக்கல் வேண்டும். பழைய மாதிரிக் கார்பன் உருக்கு துருப்பிடிக்கும், எலுமிச்சம்பழம் வெட்டினால் கறுக்கும். ஆனால் எந்தக் கல்லுக்கும் இணங்கும், துடைத்து எண்ணெய் பூசினால் ஒரு ஆயுளுக்குப் போதும். பிடிக்குள் அதிகம் உறுப்புகள் இருந்தால் மண்ணும் மீன் செதிலும் போய் அடையும், கழுவ வழியிருக்கவேண்டும். ஆணி கண்ணுக்குத் தெரியவேண்டும். எந்த மடக்குக் கத்திக்கும் பலவீனமான இடம் அந்த ஆணிதான். எவ்வளவு தடித்த கத்தியானாலும் மடங்குகிற இடத்தில் அது இரண்டு துண்டு.

பிரான்சில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஒப்பினெல் கத்தி தெரிந்திருக்கும். 1890இல் சவோய் மலைப் பக்கத்தில் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கியது. மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. 1955இல் அதற்கு ஒரு வளையம் போட்டார்கள். திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். மழையில் நனைந்தால் மரம் ஊதி, திறக்கக் கஷ்டம். சுவிஸில் இருக்கிறவர்களுக்குச் சிவப்புக் கத்தியைச் சொல்லத் தேவையில்லை. சிப்பாய்க்கு ரின் திறக்கவும் துவக்கைக் கழற்றவும் ஒரே கத்தி வேண்டும் என்று தொடங்கிய சாமான் அது; கார்ல் எல்சனர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகளின் கத்திதான் இன்று உலகம் முழுக்கப் போகிறது. அதன் சின்ன வகைகளிலும் ஒரு வில்தான் அலகைப் பிடிக்கிறது, ஐயாவின் கத்தியைப்போல.

பேரன் பூட்டுக் கத்தி ஒன்றைக் கையில் எடுத்தான். விரித்தான். 'டக்' என்ற சத்தத்தில் எங்களுக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

"அம்மப்பாவுக்கு இதுதான் நல்லது. இது விரலிலை மடங்காது" என்றான்.

சரியான கதைதான். ஆனால் கடைக்காரப் பெடியனே சொன்னான்: இதை வாங்கலாம், வீட்டில் வைக்கலாம், தகுந்த காரணம் இல்லாமல் றோட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தோம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 139ஆம் பிரிவு. பூட்டாத, மடக்குகிற, வெட்டுமுனை 3 அங்குலத்துக்கு மேற்படாத கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பையில் வைத்திருக்கலாம். பூட்டுகிற கத்தியை மடக்குக் கத்தியாகக் கணக்கெடுக்க முடியாது என்று 1990களின் தொடக்கத்தில் நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. தொழில், சமயம், தேசிய உடை போன்றவை காரணமாகும். பயம் ஒரு காரணமாக எடுபடாது. அனுமதித்த சின்னக் கத்தியைக்கூட ஆளை வெருட்ட எடுத்தால் அது ஆயுதம்.

பயம் ஒரு காரணமல்ல. இந்த வரியை நாங்கள் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பைக்கு வேறு என்ன காரணம்?

இன்னொரு பயமும் இருந்தது. இந்த நகரத்தில் கத்தி என்ற சொல்லைக் கேட்டால் தாய்மார் என்ன நினைக்கிறார்கள் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. 14, 15 வயதுப் பிள்ளைகள் பயத்துக்காகக் கத்தி வைத்துக்கொள்கிறார்கள்; அந்தப் பயமே அவர்களைக் கொண்டுபோகிறது. மகளுடைய முகத்தைப் பார்த்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சின்ன வயதில் பார்த்த ஒரு காரியம் எங்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

1996 கடைசியில் நாங்கள் வவுனியாப் பக்கம் வெளிக்கிட்டோம். ஐயா வரவில்லை. "ஊருக்குத் திரும்பிறதெண்டால் நான் கிட்டவாய் இருக்கவேணும்" என்றார். போகிற அன்று காலை வில்லுக்கத்தியை எடுத்து மகனிடம் கொடுத்தார். மகன் அதைக் காற்சட்டைப் பொக்கற்றில் போட்டான். படலைவரை வந்த ஐயா திடீரென்று கையை நீட்டினார்.

"அதை இஞ்சை தா. உன்ரை பொக்கற்றிலை கண்டால் அது ஆயுதம். என்னட்டைக் கண்டால் பாக்கு வெட்டுற கத்தி."

திருப்பி வாங்கி வெத்திலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதுதான் அவரை நாங்கள் கடைசியாகக் கண்டது. இரண்டு வருடம் கழித்துக் காய்ச்சலில் இறந்துபோனார் என்று கடிதம் வந்தது. கத்தியை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள் எடுத்திருந்தால் அது நல்லது. அந்தச் சனமும் 2009 வரைக்கும் எத்தனை தரம் இடம்பெயர்ந்திருக்கும். எங்கேயோ ஒரு தறப்பாள் கட்ட அது உதவியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எங்கள் பையில் ஏன் கத்தி இல்லை என்பதற்கு இதுதான் காரணம். எங்களிடம் கத்தி இருக்கக்கூடாது என்று ஐயாதான் சொல்லி அனுப்பினார்.

கடைசியில் ஷெபீல்டில் செய்த ஒரு சாதாரணக் கத்தி வாங்கினோம். கார்பன் உருக்கு, ஒரு அலகு, 3 அங்குலத்துக்கும் குறைவு, மரப்பிடி, பூட்டு இல்லை. கடைக்காரப் பெடியனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். எடுத்து விரித்தபோது அது திமிறிவிட்டு அடங்கியது. தேடித் திரிந்து, இந்த நாட்டுச் சட்டமே கையைப் பிடித்துக் கொண்டுவந்து, வில்லுக்கத்தியிலேயே எங்களை விட்டிருக்கிறது.

ஆனால் அதைப் பைக்குள் வைக்கவில்லை. வைத்துப் பார்த்தோம், ஒரு குளிர்காலத்திலேயே அலகில் செம்புள்ளி விழுந்துவிட்டது. பைக்குள் கிடக்கிற கத்தி யாருக்கும் உதவாது. இப்போது அது குசினி லாச்சிக்குள் கிடக்கிறது. அப்பிள் வெட்டுகிறோம், கருவேப்பிலைச் செடிக்குக் கட்டுகிற கயிறு அறுக்கிறோம், கடிதம் உடைக்கிறோம். கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் ஒரு துளி பூசுகிறோம். மாரியில் எண்ணெய் உறைந்துவிடும், உள்ளங்கையில் வைத்து உருக்கவேண்டும். நீண்டகாலத்துக்கு ஒரு கத்தி வேண்டும் என்றால் அது ஒவ்வொரு நாளும் வேலை செய்கிற கத்தியாக இருக்கவேண்டும் என்பதுதான் நாங்கள் கண்டது. அதோடு, அயலாருக்கு இரவல் கொடுக்கவும், பொலிஸ் கேட்டால் கூசாமல் காட்டவும் கூடியதாக இருக்கவேண்டும்.

பேரனுக்குத் தீட்டப் பழக்கியிருக்கிறோம். பின்வளவுப் படிக்கல்லில் தண்ணீர் விட்டு, அலகைச் சரித்துப் பிடித்து, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. நுனியால் குத்தாதே. மற்றவர் கையில் கத்தியை நேரே கொடுக்காதே. கீழே வை, அவர் எடுக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு எந்தக் கத்தியும் இல்லை. முகாமில் பொறுப்பாளர் சொன்னால் மட்டும்.

"அம்மப்பா, ஆரும் என்னை அடிக்க வந்தால்?" என்று ஒரு நாள் கேட்டான்.

"ஓடு" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில். "எங்களைப்போல ஓடு."

அவன் சிரித்தான். கத்தியைத் துடைத்து மடித்து மேசையில் வைத்தான். நாங்கள் எடுத்து லாச்சிக்குள் போட்டோம்.

பை இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. ஒரு ரின் ஓப்பினர் மட்டும் புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம்.