தண்ணீரின் மேல் நிற்கும் வின்செஸ்டர்

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வின்செஸ்டர். ரோமானியர் குடியிருந்த ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னரின் வெசெக்ஸ் அரசுக்குத் தலைநகர். நார்மானியர் வந்த பிறகும் மன்னர்கள் விரும்பித் தங்கிய இடம். மேற்கே மேட்டில் கோட்டை மண்டபம், கிழக்கே பள்ளத்தில் இச்சென் ஆறு, இரண்டுக்கும் நடுவே இறக்கமாகப் போகும் ஹை ஸ்ட்ரீட். இத்தனை நூற்றாண்டுகளும் ஒருவர் நடந்தே பார்த்துவிடக்கூடிய பரப்பில் அடங்கிவிடுகின்றன.

பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் தண்ணீரைப் பின்தொடர வேண்டும். பேராலயம் சாயத் தொடங்கியதும், அதைக் காப்பாற்றியவர் கொத்தனாராக இல்லாமல் போனதும், ஊரின் புனிதருக்கு மழையோடு உறவு வந்ததும், ஒரு கவிஞர் இங்கே தன் மிகச் சிறந்த கவிதைகளுள் ஒன்றை எழுதியதும் எல்லாம் இந்த ஈர நிலத்தின் கதைகள்தான்.

பேராலயத்திலிருந்தே தொடங்கலாம். பிஷப் வால்கெலின் 1079-இல் கட்டத் தொடங்கியது. ஏறத்தாழ 170 மீட்டர் நீளம். வெளியே நின்று பார்க்கும்போது உயரமான கோபுரம் இல்லாததால் அதன் அளவு தெரிவதில்லை. மேற்கு வாசலில் நுழைந்து கிழக்கே பார்க்கும்போதுதான் தூண்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருப்பது தெரியும். இதற்கு முன்பு இருந்த சாக்சன் காலத்துப் பழைய ஆலயம் 1093-இல் இடிக்கப்பட்டது. 1960-களில் தோண்டிக் கண்டெடுத்த அதன் அடித்தளத்தின் வடிவத்தை வடக்குப் புல்தரையில் செங்கல் கோடுகளாகப் பதித்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் அந்தக் கோடுகளின் மேலேயே நடந்து போகலாம்.

வால்கெலின் தேர்ந்தெடுத்த இடம் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சதுப்பு. மேலே மண், அதன்கீழ் பாதி மட்கிய தாவரச் சேறு, அதற்கும் கீழேதான் உறுதியான சரளைப் படுகை. சரளையை எட்டாமல் எழுப்பிய அஸ்திவாரம் எண்ணூறு ஆண்டுகள் மெல்ல மெல்ல அமிழ்ந்தது. பிற்காலத்தில் கட்டிய கிழக்குப் பகுதி, சேற்றில் பரப்பிய மரக்கட்டைகளின் மேல் நின்றது. 1905-இல் சுவர்களில் விரிசல்கள் அகன்று கற்கள் உதிரத் தொடங்கின. கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சனும் பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸும் அழைக்கப்பட்டார்கள். சுவருக்கு அடியில் குழி தோண்டிச் சேற்றை எடுத்துவிட்டுப் புது அஸ்திவாரம் போடுவது திட்டம். ஆனால் சேற்றை வெட்டியதுமே குழிக்குள் நிலத்தடி நீர் பெருகியது. பம்பு வைத்து இறைத்தால் நீரோடு மண்ணும் அரித்துக்கொண்டு வந்து, இருக்கிற சுவரும் விழுந்துவிடும்.

ஃபாக்ஸ் ஒரு முக்குளிப்பாளரைக் கூட்டிவந்தார். பெயர் வில்லியம் வாக்கர். 1906 முதல் 1911 வரை, ஒரு நாளுக்கு ஆறு மணி நேரம், ஆறு மீட்டர் வரை ஆழமுள்ள குழிகளில் அவர் இறங்கி வேலை செய்தார். கலங்கிய நீரில் விளக்கு வைத்தும் பயனில்லை என்பதால் முழு இருட்டில், கைகளால் தடவித் தடவியே சேற்றை வெட்டி அப்புறப்படுத்தினார். சரளை தட்டுப்பட்டதும் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி, அவற்றைக் கிழித்துப் பரப்பி, குழியின் அடிப்பக்கத்தை அடைத்தார். அது இறுகிய பிறகே தண்ணீரை இறைக்க முடிந்தது. அப்போதுதான் கொத்தனார்கள் உள்ளே இறங்கிச் சுவரைத் தாங்கும் கட்டுமானத்தை எழுப்பினார்கள். அந்தக் காலத்து முக்குளிப்பு உடை சுமார் 90 கிலோ எடை. கழற்றி மாட்ட நேரமாகும் என்று, சாப்பாட்டு வேளையில் தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு, உடையோடே உட்கார்ந்து சாப்பிட்டுப் புகைக்குழாயும் பிடிப்பாராம்.

வேலை முடிந்தபோது கணக்கு: 25,800 கான்கிரீட் மூட்டைகள், 1,14,900 கான்கிரீட் கட்டிகள், 9 லட்சம் செங்கற்கள். 1912 ஜூலை 15 அன்று நடந்த நன்றி வழிபாட்டுக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்தார். வாக்கர் 1918-இல் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சலில் இறந்தார். 1964-இல் அவருக்கு ஒரு சிறு சிலை வைத்தார்கள். அதில் இருந்த முகமோ பொறியாளர் ஃபாக்ஸின் முகம். பழைய புகைப்படத்தில் ஆள் மாறிவிட்டது. 2001-இல்தான் சரியான முகத்தோடு புதுச் சிலை வந்தது. உள்ளே போகிறவர்கள் கிழக்குப் பகுதிக்கு நடந்து, முக்குளிப்பு உடையில் தலைக்கவசத்தைக் கையில் ஏந்தி நிற்கும் அந்தச் சிறிய உருவத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. பிஷப்புகளும் மன்னர்களும் படுத்திருக்கும் கட்டடத்தில், அதை நிற்க வைத்தவர் அவர்தான்.

தண்ணீர் இன்னும் போய்விடவில்லை. மழைக்காலத்தில் நார்மானியர் காலத்து நிலவறையில் அது தேங்குகிறது. அங்கே ஆன்டனி கோர்ம்லி 1986-இல் செய்த ‘சவுண்ட் டூ’ என்ற மனித உருவச் சிற்பம் நிற்கிறது. குவித்த கைகளில் ஏந்திய நீரை அது குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். வெள்ளம் கூடும் நாளில் முழங்கால் வரை நீர் ஏறும். பார்வை மேடையிலிருந்து எப்போதும் பார்க்கலாம். உள்ளே இறங்க நிலவறை காய்ந்திருக்க வேண்டும்.

மேலே வந்தால் பார்க்க நிறைய உண்டு. நடுக்கூடத்தின் வடபுறம் தூர்னே ஊரின் கருநிறக் கல்லில் செதுக்கிய பன்னிரண்டாம் நூற்றாண்டு ஞானஸ்நானத் தொட்டி. பீடத்தின் இருபுறமும் உயரத்தில் வைத்திருக்கும் மரப் பேழைகளில் சாக்சன் மன்னர்கள் முதலியோரின் எலும்புகள். 1642-இல் உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றப் படைவீரர்கள் பேழைகளைக் கவிழ்த்து எலும்புகளைச் சிதறடித்ததால் எது யாருடையது என்று தெரியாமல் போனது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிற்பாடு அவற்றைப் பிரித்து, குறைந்தது 23 பேருடைய எலும்புகள் என்று கண்டார்கள். அதே போரில் மேற்குச் சன்னலின் வண்ணக் கண்ணாடியும் நொறுங்கியது. ஊரார் துண்டுகளைச் சேர்த்து வைத்து, பழைய சித்திரத்தை மீட்க முயலாமல், கிடைத்தவற்றைக் கிடைத்தபடியே பொருத்திவிட்டார்கள். மாலை வெயிலில் அந்தச் சன்னல்தான் ஆலயத்திலேயே அழகு. கண்காட்சிக் கூடத்தில் வின்செஸ்டர் பைபிளையும் தவற விடக் கூடாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சுமார் 250 கன்றுகளின் தோலில் எழுத்தர் ஒருவர் எழுத, ஓவியர்கள் பலர் தங்கமும் நீலமும் தீட்டிய நூல் அது. சில ஓவியங்கள் கோட்டுச் சித்திரமாகவே நின்றுவிட்டதால் அந்தக் காலத்து வேலைமுறையையே அதில் படிக்கலாம்.

வடக்குப் பக்கவழியில் தரையோடு தரையாக ஒரு கருநிறக் கல். ஜேன் ஆஸ்டினின் கல்லறை. நோய்க்கு வைத்தியம் பார்க்க 1817 மே மாதம் சாட்டன் கிராமத்திலிருந்து இங்கே வந்தவர், ஜூலை 18 அன்று காலேஜ் ஸ்ட்ரீட் 8-ஆம் எண் வீட்டில் 41 வயதில் காலமானார். கல்லறையில் அவருடைய குணமும் பக்தியும் புகழப்படுகின்றன. நாவல் எழுதியவர் என்று ஒரு சொல்லும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1872-இல் ஒரு பித்தளைப் பட்டயமும், 1900-இல் பொதுமக்கள் நன்கொடையில் ஒரு சன்னலும் வந்தன. நம் பக்கத்து வாசகர்களுக்கு இங்கே இன்னொரு செய்தி. ஜேனின் தம்பி சார்லஸ் ஆஸ்டின் கடற்படைத் தளபதி. 1852-இல் பர்மாவில் காலராவால் இறந்த அவர் திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். அக்காள் வின்செஸ்டரில், தம்பி திருகோணமலையில்.

ஜேன் கடைசியாக எழுதியது ஒரு வேடிக்கைக் கவிதை. வின்செஸ்டர் குதிரைப் பந்தயத்தையும் புனித ஸ்விதினையும் பற்றியது. தேதி ஜூலை 15, ஸ்விதினின் திருநாள். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே பிஷப்பாக இருந்த அவர், மழை நனைக்கும்படி தம்மை வெளியே புதைக்கச் சொன்னார் என்பது மரபு. 971-இல் அவர் எலும்புகளை ஆலயத்துக்குள் கொண்டுவந்தபோது வானம் கொட்டித் தீர்த்ததாம். ஸ்விதின் திருநாளில் மழை பெய்தால் அடுத்த 40 நாளும் பெய்யும் என்று இங்கிலாந்தில் இன்றும் சொல்வார்கள். வாக்கருக்கு மன்னர் நன்றி சொன்னதும் இதே நாளில்தான்.

அடுத்து, மேட்டுக்கு ஏறிக் கோட்டை மண்டபம். மூன்றாம் ஹென்றி 1222-க்கும் 1235-க்கும் இடையே கட்டியது. கோட்டையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது; மண்டபம் தப்பியது. சுவரில் தொங்கும் பிரம்மாண்டமான ஓக் மரப் பலகை, ஆர்தர் மன்னரின் வட்டமேசை என்று பல நூறு ஆண்டுகள் நம்பப்பட்டது. குறுக்களவு ஐந்தரை மீட்டர், எடை 1,200 கிலோ. 1970-களில் மரத்தின் வளையங்களை எண்ணியும் கார்பன் சோதனை செய்தும் பார்த்ததில் பதின்மூன்றாம் நூற்றாண்டு மரம் என்று தெரிந்தது. மேலிருக்கும் வண்ணமும் 24 வீரர்களின் பெயர்களும் எட்டாம் ஹென்றி காலத்தவை. நடுவே வீற்றிருக்கும் ஆர்தருக்கும் ஹென்றியின் சாயல். சர் வால்டர் ராலே 1603-இல் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு விசாரிக்கப்பட்டதும் இந்த மண்டபத்தில்தான்.

அங்கிருந்து ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கினால் கடைசியில் வாளை உயர்த்தி நிற்கும் ஆல்ஃபிரட் சிலை. ஹாமோ தார்னிகிராஃப்ட் செய்து 1901-இல் நிறுவப்பட்டது. அதைத் தாண்டினால் தண்ணீர்ச் சத்தம். ஆற்றின் மேலேயே கட்டிய சிட்டி மில் என்ற மாவு ஆலை, பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். 2004 முதல் அங்கே மறுபடியும் நீர்ச்சக்கரத்தால் கோதுமை அரைக்கிறார்கள். ஆலைக்கு அடியில் ஆறு பாய்ந்து போவதை நின்று பார்க்கலாம்.

ஆலையிலிருந்து கரையோரமாக வீயர்ஸ் என்ற நடைபாதை. ஒரு பக்கம் பளிங்குபோல் ஓடும் ஆறு, மறுபக்கம் பழைய நகர மதில். அதில் ஓரிடத்தில் ரோமானியர் கட்டிய பகுதி இன்னும் தெரிகிறது. சற்றுத் தள்ளி வுல்வ்சி கோட்டையின் இடிபாடுகள். பிஷப்புகளின் அரண்மனையாக இருந்தது. 1554-இல் மேரி அரசியும் ஸ்பெயினின் பிலிப்பும் பேராலயத்தில் மணம் முடித்த பிறகு விருந்து இங்கேதான் நடந்தது. அதை ஒட்டி, பிஷப் வில்லியம் விக்காம் 1382-இல் நிறுவிய வின்செஸ்டர் கல்லூரி. பெயர் கல்லூரி என்றாலும் பள்ளிதான். பிரிட்டனின் பிரதமராக இருந்த ரிஷி சுனக் படித்தது இங்கே. வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்கலாம்.

கல்லூரியைத் தாண்டியதும் நகரம் முடிந்து புல்வெளி தொடங்குகிறது. 1819 செப்டம்பர் 19 அன்று ஜான் கீட்ஸ் இந்தப் பக்கம் உலாவிவிட்டு அறைக்குத் திரும்பி எழுதியதுதான் ‘டு ஆட்டம்’. அவர் பெயராலேயே இன்று இந்தப் பாதை அழைக்கப்படுகிறது. சுண்ணப் பாறையில் ஊறி வரும் நீர் என்பதால் இச்சென் கோடையிலும் குளிர்ந்து, தெளிந்து ஓடும். இப்படிப்பட்ட ஆறுகள் உலகில் மிகச் சிலவே. அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான். பாலத்தில் சாய்ந்து நின்றால் நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்கும் டிரவுட் மீன்கள் கண்ணில் படும். மீன்பிடித்தலைப் பற்றி ஆங்கிலத்தின் புகழ்பெற்ற நூலை 1653-இல் எழுதிய ஐசக் வால்டன் தம் கடைசிக் காலத்தை வின்செஸ்டரில் கழித்துப் பேராலயத்தில் அடக்கமானார். அங்கே அவர் நினைவாக வைத்த சன்னல் சித்திரத்தில் இதே ஆறும் எதிரிலிருக்கும் செயின்ட் கேத்தரின் குன்றும் உண்டு.

பாதை போய்ச் சேரும் இடம் செயின்ட் கிராஸ். பிஷப் ஹென்றி பிளுவா 1130-களில் ஏழை முதியவர்கள் 13 பேர் தங்கவும், தினமும் நூறு ஏழைகள் வந்து சாப்பிடவும் ஏற்படுத்திய அறநிலையம். நம் ஊர்ச் சத்திரங்களைப் போல வழிப்போக்கருக்கும் அங்கே பங்கு உண்டு. கிட்டத்தட்ட 900 ஆண்டுகள் கழிந்தும் முதியவர்கள் அதே வளாகத்தில் வாழ்கிறார்கள். ஹென்றியின் அறத்தைச் சேர்ந்தவர்கள் கருப்பு அங்கியிலும், 1445-இல் கார்டினல் போஃபர்ட் சேர்த்த இரண்டாம் பிரிவினர் அடர்சிவப்பு அங்கியிலும் நடமாடுவார்கள். வாசல் காவலரிடம் ‘வேஃபேரர்ஸ் டோல்’ என்று கேட்கும் வழிப்போக்கருக்கு ஒரு சிறு கொம்புக் குவளையில் பீரும் ஒரு துண்டு ரொட்டியும் இன்றும் தருகிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும், கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரே பகலில் ஓட்டமாக முடித்துவிட்டு லண்டன் திரும்புவது சாத்தியம்தான். ஆனால் ஓர் இரவு தங்குகிறவருக்கே ஊர் முழுதாகக் கிடைக்கும். முதல் நாள் பேராலயமும் கோட்டை மண்டபமும், மறுநாள் ஆற்றோர நடையும் செயின்ட் கிராஸும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பேராலயத்தில் பாடகர் குழு பாடும் வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. எந்த மதத்தவரும் உட்கார்ந்து கேட்கலாம். நீர் புகாத காலணி அவசியம், மழைக்குப் பிறகு புல்வெளிப் பாதை சேறாகும். மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வின்செஸ்டரை அறிந்துகொள்ள மழை நாளே ஏற்ற நாள்.